கேளுங்க... சொல்றோம்!

பக்கத்துத் தறிக்காரர் என் லுங்கி டிசைனைக் கேட்கிறார். சொல்லலாமா?
*- விசைத்தறி உரிமையாளர், பள்ளிப்பட்டு*

கட்டத்தைக் கேட்கிறாரா, சாயத்தைக் கேட்கிறாரா? கட்டம் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். சந்தைக்குப் போன லுங்கியை லென்ஸுக்கு அடியில் வைத்து இழை எண்ணினால் தெரிந்துவிடும். மறைத்தால் பகைதான் மிச்சம். சாயப் பக்குவம் வேறு கதை. அதைச் சொல்வதற்கு முன், போன தடவை நீங்கள் கொடுத்த யோசனையை அவர் ஊரில் எப்படிச் சொன்னார் என்று விசாரியுங்கள். "அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார்" என்றாரா, சொல்லலாம். "நானே கண்டுபிடிச்சேன்" என்றாரா, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் கம்பெனியில் ஓர் இன்ஜினீயர் கலகலப்பு, இன்னொருவர் உம்மணாமூஞ்சி. யாரை நம்பி டிராயிங் கொடுப்பது?
*- சூப்பர்வைசர், கும்மிடிப்பூண்டி சிப்காட்*

1995-இல் மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள், ஒருவரை நம்ப மூன்று காரணம் சொன்னார்கள்: திறமை, நல்லெண்ணம், நேர்மை. கலகலப்பு அந்தப் பட்டியலில் இல்லை. இருவரின் ஷிப்ட் லாக் புக்கையும் வாங்கிப் பாருங்கள். ஒருவர் "மெஷின் ஓகே" என்று முடித்திருப்பார். மற்றவர் "இரவு 2 மணிக்கு பேரிங் சத்தம், கிரீஸ் வைத்தேன், காரணம் தெரியவில்லை" என்று எழுதியிருப்பார். தெரியாததைத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவரிடம் கொடுங்கள். மூஞ்சி எப்படி இருந்தால் என்ன, சம்பந்தமா பேசப் போகிறீர்கள்?

எங்கள் முதலாளி யாரையும் நம்புவதில்லை. பிறவிக் குணமா?
*- கணக்கர், காக்களூர்*

பாதி குணம்தான். ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆரம்பத்தில் நம்மை ஆட்டிவைப்பது சுபாவம். சரக்கு பத்து முறை ஒழுங்காக வந்த பிறகும் சந்தேகப்பட்டால், மாற வேண்டியவர் சப்ளையர் அல்ல.

எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தால் நம்மையே மிஞ்சிவிட மாட்டார்களா?
*- பட்டறைக்காரர், திருவள்ளூர்*

மிஞ்சலாம். 1955-இல் இங்கிலாந்தின் என்ஃபீல்டு பைக் கம்பெனி, நம்மூர் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்தது. முதலில் பாகங்களை வரவழைத்து இங்கே பூட்டினார்கள். பிறகு கருவிகளும் வந்து, புல்லட் முழுக்கத் திருவொற்றியூரிலேயே தயாரானது. 1970-களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்து கம்பெனி மூடியே போனது. 1977-இல் புல்லட் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. ஆனால் நமக்குக் கற்றுக்கொடுத்ததால் அவர்கள் கடை மூடவில்லை. அங்கே பைக் தொழிலே சரிந்துகொண்டிருந்தது. சொல்லிக்கொடுத்த வித்தை ஓர் இடத்திலாவது உயிரோடு இருக்கிறது.

நம்பகமான ஆளைக் கண்டுபிடிக்க ஆளுமைத் தேர்வு வைக்கலாமா?
*- மனிதவள அதிகாரி, கவரைப்பேட்டை*

வையுங்கள். "நான் நேர்மையானவன்" என்பதற்கு எதிரே "இல்லை" என்று டிக் அடிக்கும் ஃப்ராடு சிக்கினால் எனக்கும் ஒரு போன் போடுங்கள்.