முந்நூற்று முப்பது உயிரும் மூன்று பரிசும்

போக்கிமான் சீட்டாட்டத்தில் 1999-இல் ஆங்கிலத்தில் வந்த சாரிசார்டு சீட்டுக்கு உயிர்ப்புள்ளி 120. 2020-இல் அது விமேக்ஸ் என்ற வகைச் சீட்டாகிக் கொழுத்தபோது 330. அடித்தால் ஒரே அடி, 300. எதிரே நிற்பது பெரும்பாலும் காலி. அந்த அடிக்கு ஐந்து எனர்ஜி வேண்டும். கையிலிருந்து ஒரு டர்னுக்கு ஒரு எனர்ஜிச் சீட்டுதான் வைக்கலாம். அடித்த கையோடு இரண்டைக் கழித்துப் போடவும் வேண்டும். போகட்டும், அண்ணன் பெரிய ஆள்!

அண்ணன் சாய்ந்தால்தான் சங்கதி. எதிராளிக்கு மூன்று பரிசுச் சீட்டு. ஆறு எடுத்தால் ஆட்டமே முடிந்தது. இரண்டு விமேக்ஸை வரிசையாக இறக்கி மார்தட்டுகிறவர், எதிராளியின் வெற்றியை இரண்டே தவணையில் கட்டத் தயாராகிறார். சாதாரணச் சீட்டு விழுந்தால் போவது ஒரு பரிசுதான்.

இதை வாங்கக் காசை எடுக்குமுன், சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் விதியைப் படித்துவிடுங்கள்.