ஆசைப்படுவோர் கவனத்துக்கு

ஆசையைச் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனையோ வார்த்தை உண்டு. அதில் துளி ஆசைகூட ஒட்டாத வார்த்தை 'டிசைரஸ்'. காதலிக்கிற எவனும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஓட்டலில் உட்கார்ந்து "ஐ ஆம் டிசைரஸ் ஆஃப் எ மசால் தோசை" என்று சொல்லிப் பாருங்கள். சர்வர் கல்லாவில் இருக்கும் முதலாளியைக் கூப்பிடுவார். டெண்டர் அறிவிப்பிலும் முத்திரைத்தாளிலும்தான் அதற்குக் குடித்தனம்.

இளவயதில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பத்திரம் என்றால் 'வேர்ஆஸ்' என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வரியில் விற்கிறவர் விற்க டிசைரஸ் ஆவார், வாங்குகிறவர் வாங்க டிசைரஸ் ஆவார். ஒரு பெரியவர் கிணற்றோடு சேர்த்து ஒன்றரை ஏக்கரை விற்க வந்தார். வக்கீல் வாசித்து அர்த்தம் சொன்னதும் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

"ஆசைப்பட்டா விக்கிறேன்? பொண்ணு கல்யாணத்துக்கு வாங்குன கடன் கழுத்தை நெரிக்குதுங்க. அதை எழுதுங்க."

வக்கீல் அசரவில்லை. "ஐயா, இங்கிலீசுல கடனுக்கும் ஆசைன்னுதான் பேரு."

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே கைநாட்டு வைத்தார். நம்மூர் பத்திர எழுத்தர்கள் இந்த விஷயத்தில் யோக்கியர்கள். 'எனது குடும்ப அவசியச் செலவுக்காகவும் முன்கடன் தீர்க்கும் பொருட்டும்' என்று உள்ளதை உள்ளபடி போட்டுவிடுவார்கள்.

அரசாங்கங்களும் இப்படித்தான் ஆசைப்படும். 1954 ஏப்ரல் 29-ல் இந்தியாவும் சீனாவும் திபெத் வணிகம் பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டன. பஞ்சசீலம் என்ற ஐந்து கொள்கைகள் எழுத்தில் ஏறியது அதில்தான். வணிகத்தையும் பண்பாட்டு உறவையும் வளர்க்க இரண்டு அரசுமே டிசைரஸ் என்கிறது அதன் முகவுரை. அந்த ஆசைக்கு எட்டு வருஷம்தான் ஆயுள் என்று உள்ளேயே குறித்தும் வைத்தார்கள். 1962 ஜூனில் கெடு முடிந்தது. புதுப்பிக்க இரண்டு அரசும் சேர்ந்து டிசைரஸ் ஆகவில்லை. அக்டோபரில் போர்.

இலக்கணத்திலும் டிசைரஸுக்குப் பிகு அதிகம். பெரும்பாலும் பின்னால் ஓர் 'ஆஃப்' வந்து தாங்கினால்தான் நிற்கும். 'டிசைரஸ் பாய்' என்று ஆளுக்கு முன்னால் நிறுத்தினால் காது கூசும். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டில் 'டிசைரபிள்' வேறு. முன்னது ஆசைப்படுகிறவர், பின்னது பிறர் ஆசைப்படத் தக்கவர். வேலை விளம்பரத்தில் ஒரு தகுதியை டிசைரபிள் என்று போட்டிருந்தால், இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடிமுழுகாது என்று அர்த்தம்.

ஒரு பையன் டைப் அடிக்கக் கொடுத்த விண்ணப்பத்தில், 'ஐ ஆம் டிசைரபிள் ஃபார் தி போஸ்ட்' என்று எழுதியிருந்தான். திருத்தட்டுமா என்று வக்கீலைக் கேட்டேன். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பையனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேண்டாம், அப்படியே அடி. நேர்ல பார்த்துட்டு அவங்களே முடிவு பண்ணட்டும்."