ஒரு கிரவுண்டுக் குடில்

எங்கள் ஊர்ப்பக்கம் புதிதாக ஓர் இனம் குடியேறியிருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காரில் வந்து இறங்கும். ஞாயிறு மாலை, நெடுஞ்சாலையில் கூட்டம் சேருமுன் சென்னைக்குக் கிளம்பிவிடும். இடைப்பட்ட நேரத்தில், நாங்கள் வேண்டாமென்று கொல்லையில் போட்டதையெல்லாம் பொறுக்கியெடுத்து, துடைத்து, எண்ணெய் பூசி, வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கும். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் குடிலார்.

பெயர் என் சொந்தக் கற்பனை அல்ல. இந்த இனத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் தம் வீட்டு வாசலில் பழைய கதவுப் பலகை ஒன்றில் 'குடில்' என்று செதுக்கி மாட்டியிருக்கிறார். இடம் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. அதில் செடிக்கு நாலடி விட்டுவிட்டு மிச்சம் முழுக்கக் கட்டடம். வால்மீகி பார்த்திருந்தால் வாடகைக்குக் கேட்டிருப்பார்.

இனி ஊரைச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தை ஒட்டித் தென்மேற்கே, வேகவதி ஆற்றுப் பக்கம் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்றும் சொல்வார்கள். பெயரில் பருத்தி இருக்கிறது, குன்று இருக்கிறது. ஆனால் குன்று கண்ணில் படாது, வட்டாரத்தில் நெய்வது பட்டு. பல்லவர் காலத்திலிருந்து பேர்பெற்ற சமணக் கோயில் இங்கே உண்டு. இப்படிப்பட்ட ஊரில் மனை வாங்கினால் அமைதி தானாக வந்துவிடும் என்று குடிலாரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அநேகமாக மனையை விற்றவர்.

குடிலார் பிறவியிலேயே குடிலார் அல்லர். முப்பது வருடம் ஏசி அறையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான். ஒருநாள் குடும்பத்தோடு முட்டுக்காடு பக்கம் தட்சிணசித்ராவுக்குப் போயிருக்கிறார். 1996இல் திறந்த அந்த வளாகத்தில் தென்னாட்டுப் பழைய வீடுகளை எழுப்பி வைத்திருக்கிறார்கள். காஞ்சிப் பட்டு நெசவாளர் வீடும் அதில் ஒன்று. அதன் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாராம். போதி மரத்தடியில் நடந்தது இவருக்குத் திண்ணையில் நடந்துவிட்டது. கூடவே அவர் மனைவியின் கைபேசியில் இங்கிலாந்துக் கிராமத்துக் காட்டேஜ் படங்கள் வேறு வந்துகொண்டிருந்தன: தாழ்ந்த கூரை, உத்தரம், கணப்பு, பூப்போட்ட திரைச்சீலை, புதைந்து உட்காரும் நாற்காலி. கணவருக்குத் திண்ணை, மனைவிக்குக் கணப்பு. இரண்டும் கலியாணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளைதான் குடிலின் வரவேற்பறை.

கணப்பை மட்டும் கொத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை. "அக்கினி நட்சத்திரத்துல இன்னாத்துக்கு சார் வூட்டுக்குள்ள நெருப்பு?" என்று கேட்டுவிட்டார். அதற்கென்று விட்டிருந்த மாடத்தில் இப்போது மின்விசிறி வைத்திருக்கிறார்கள்.

புதுமனை புகுவிழாவுக்கு எங்கள் பெரியப்பா, பெரியம்மாவோடு நானும் போயிருந்தேன். பெரியப்பா நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். அளவு கேட்க, சாமான் கேட்க என்று குடிலார் அடிக்கடி அவரிடம் வருவார். 'ஐயா' என்று வாய் நிறையக் கூப்பிடுவார். பெரியப்பாவுக்கு அது பிடிக்கும்.

முதலில் கூரையைக் காட்டினார். "நம்ம பாரம்பரிய ஓடு ஐயா, பழைய வீடு இடிச்ச இடத்துல தேடிப் பிடிச்சேன்." பார்த்தால் மங்களூர் ஓடு. 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மன்காரர் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஆலை வைத்துச் செய்யத் தொடங்கிய சரக்கு அது. எங்கள் தாத்தா வீட்டில் இருந்தது கையளவு நாட்டு ஓடு. மழைக்கு முன்னால் ஆள் வைத்து ஓடு மாற்றாவிட்டால் ஒழுகும், பூனை நடந்தால் நகரும். குடிலார் வீட்டில் அந்தக் கவலை கிடையாது. கீழே கான்கிரீட் தளம், அதன்மேல் ஓட்டைப் பதித்திருக்கிறார்கள். ஓட்டுக்கு அங்கே பதவி உண்டு, வேலை கிடையாது.

உள்ளே போனோம். உரல் நடுக்கூடத்தில் இருந்தது, தலையில் கண்ணாடி வைத்து டீப்பாய் ஆகியிருந்தது. அம்மிக்குழவி கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. லாந்தருக்குள் எல்இடி பல்பு. தறியில் டிசைனுக்குப் போடும் ஜக்கார்டு அட்டைகளைக் கோத்து விளக்குக்கு மூடியாகப் போட்டிருந்தார்கள். ஓட்டை வழியே வெளிச்சம் விழுந்து சுவரெல்லாம் புள்ளி. "அது என்ன டிசைன் தெரியுமா ஐயா? அன்னப்பட்சி!" என்றார் குடிலார் பெருமையாக. பெரியப்பா சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அட்டையைத் தலைகீழாக் கோத்திருக்கீங்க. அன்னம் மல்லாந்து கெடக்குது" என்றார்.

சுவரில் ஐந்து முறங்கள். சின்னதிலிருந்து பெரிதாக, ஏறுவரிசையில். பெரியம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எல்லாத்தையும் ஆணி அடிச்சுட்டா எதுல புடைப்பீங்க?"

"அரிசி பாக்கெட்ல வருது பெரியம்மா."

"அப்ப முறம் எதுக்கு?"

குடிலார் மனைவி சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று பெரியம்மா வழி முழுக்க என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மூலையில் ஒரு பித்தளை அண்டா, அதில் மணி பிளான்ட். "எங்க பாட்டி சீரா கொண்டு வந்தது" என்றார் குடிலார். எங்கள் பக்கம் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக்கொள்வது வழக்கம். பெரியம்மா முந்தானையால் கழுத்துப் பக்கம் துடைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மு.கோ.ன்னு போட்டிருக்கே. உங்க பாட்டி பேரு 'மு'வுலயா ஆரம்பிக்குது?"

குடிலார் கொஞ்சம் யோசித்தார். "பாட்டிக்கு ஒரு அக்கா இருந்தாங்க" என்றார்.

அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. எவர்சில்வர் மோகம் வந்தபோது எங்கள் வீட்டுப் பித்தளையெல்லாம் இப்படித்தான் எடைக்குப் போனது. அண்டாவைக் கொடுத்துவிட்டு இரண்டு டிபன் கேரியரும் ஒரு வாளியும் வாங்கிக்கொண்டு, வியாபாரியை ஏமாற்றிவிட்டதாக வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

சோபாவில் உட்காரச் சொன்னார்கள். திண்டு உறை பழைய காஞ்சிப் பட்டு. எங்கள் தெருவில் பழைய ஜரிகைப் புடவை வாங்குகிறவர்கள் வருவார்கள். ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது உருக்கிய வெள்ளி. அவர்களைவிட நல்ல விலை கொடுத்து வாங்கி, வெட்டி, பஞ்சடைத்திருக்கிறார் குடிலார். பெரியப்பாவும் சுரண்டிப் பார்த்தார், பழக்கதோஷம். பிறகு முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். புடவையின் மேல் சாய மனம் வரவில்லை போலும். நான் சாய்ந்தேன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தால் கழுத்தில் கரை டிசைன்.

ஜன்னலில் மட்டும் பூப்போட்ட திரைச்சீலை. குடிலார் மனைவி ஆன்லைனில் வரவழைத்த அசல் இங்கிலீஷ் பாணியாம். இங்கே ஒரு சங்கதி சொல்லியாக வேண்டும். இந்தப் பூப்போட்ட சீட்டித் துணி நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போனது. பருத்தித் துணியில் கையால் எழுதிச் சாயம் ஏற்றிய சரக்கு. இங்கிலாந்தில் அதற்கு வந்த கிராக்கியில் உள்ளூர் நெசவாளர்கள் வயிறெரிந்து கலகம் செய்ய, 1721இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டமே போட்டது: உடம்பில் உடுத்தக்கூடாது, வீட்டுத் தட்டுமுட்டிலும் கூடாது. அப்படித் தடை போட்டும் அடங்காமல் அவர்கள் குடிசையின் அடையாளமாகவே ஆகிப்போன துணி, முந்நூறு வருடம் கழித்துப் பருத்தி என்று பெயர் வைத்த ஊருக்குக் கூரியரில் திரும்பி வந்திருக்கிறது. பாலியஸ்டராக.

அடுத்து உட்கூரை. முன்பு சொன்ன சமணக் கோயிலில், அதாவது திரைலோக்கியநாதர் கோயிலில், சங்கீத மண்டபம் இருக்கிறது. விஜயநகரத்து இரண்டாம் புக்கரின் அமைச்சர் இருகப்பர் 1387 வாக்கில் கட்டியது. அண்ணாந்து பார்த்தால் விதானம் நிறைய ஓவியம்: ரிஷபநாதர் கதை, வர்த்தமானர் கதை, நேமிநாதர் கதை. டி.என். ராமச்சந்திரன் இந்தக் கோயிலைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார், 1934இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. குடிலார் அந்த விதானத்தைப் பார்த்தார். அதே மாதிரி வரவேற்பறையில் வேண்டும் என்று பெயின்டரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். அரண்மனையையும் அரசையும் துறந்து போனவர்களின் கதையைப் பார்த்து, வீட்டை அலங்கரிக்க யோசனை பிடித்த மனிதர் அநேகமாக இவர் ஒருவர்தான்.

பெயின்டர் உள்ளூர்ப் பையன். கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"சார், வரைஞ்சப்ப இருந்த மாதிரி வேணுமா, இப்ப இருக்கிற மாதிரி வேணுமா?"

"இப்ப இருக்கிற மாதிரி. அந்த மங்கல்தான் அழகு."

"அப்ப ரெண்டு வேலை சார். மொதல்ல வரையணும், அப்புறம் அழிக்கணும்."

ரெட்டைக் கூலியைக் கேட்டதும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார். இப்போது அங்கே மூங்கில் பாய். அதன் பின்னால் ஏசி.

எங்கள் பெரியப்பா வீட்டில் வரவேற்பறை என்று ஒன்று இருந்ததில்லை. நிலைப்படியைத் தாண்டினால் தறி, அதன் கீழே நெய்கிறவர் கால் விடும் குழி. வருகிறவர்கள் தறிக்கு எதிரே சுவரோரம் உட்காருவார்கள். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும், பேச்சும் அதோடு ஓடும். கோர்வை இழுக்கிற பையன் பெரியவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தால் திட்டு விழும். தறிக் காலுக்கும் உத்தரத்துக்கும் நடுவே தூளி கட்டியிருக்கும். பெரியம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே காலால் தூளியை ஆட்டுவாள். கண்ணாடி ஓட்டின் வழியே ஒரு சதுர வெளிச்சம் காலையில் பாவின்மேல் விழுந்து, மத்தியானம் தரைக்கு இறங்கி, சாயங்காலம் சுவரேறிப் போய்விடும். அந்த அறையில் அலங்காரம் என்று இருந்தது தறியில் ஏறியிருக்கும் புடவை மட்டும்தான். அதுவும் எங்களுடையதல்ல. ஒரு பாவுக்கு மூன்று புடவை, அறுத்ததும் போய்விடும். அரக்குப் போய் மயில்கழுத்து வரும், மயில்கழுத்து போய் மாம்பழம் வரும். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு நிறம்.

இதையெல்லாம் நான்தான் ஒருநாள் வாய்க்கொழுப்பில் குடிலாரிடம் சொன்னேன். கண் கலங்கக் கேட்டார். அடுத்த சனிக்கிழமை கைபேசியில் ஒரு படத்தோடு பெரியப்பா முன்னால் வந்து நின்றார். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ் ஊரில் ஈரோ சாரினென் கட்டிய மில்லர் வீடு, 1957இல் முடிந்தது. கூடத்தின் நடுவே தரையைச் சதுரமாக இறக்கி, சுற்றிலும் மெத்தை போட்டு, அதற்குள் இறங்கி உட்கார்ந்து பேசுகிறார்கள்.

"நம்ம தறிக்குழிதான் ஐயா இது! அவங்க இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. நம்ம குழி எவ்ளோ ஆழம்?"

பெரியப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தினி பேரு நெய்யப் போறீங்க சார்?"

"நெய்யறதுக்கில்ல. பேசறதுக்கு."

"பேசறதுக்கு இன்னாத்துக்கு சார் குழி? நாப்பது வருஷம் அதுல காலை வுட்டுத்தான் எனக்கு முட்டி போச்சு."

கேட்கவில்லை. ஆனி மாதம் சோபாவைத் தூக்கிவிட்டுப் பத்துக்குப் பத்தில் குழி தோண்டினார்கள். மண்ணை எங்கே கொட்டுவது என்று குட்டியானைக்காரர் கேட்டபோது, என் தம்பி, பெரியப்பாவின் மகன், கையைத் தூக்கினான். பெரியப்பாவால் முன்போல் தறியில் உட்கார முடியவில்லை, தறிக் கட்டைகளையும் குடிலாரே விலைக்குக் கேட்டிருந்தார். குழியை மூடி டைல்ஸ் போட்டு, பிள்ளைகள் டிவி பார்க்கக் கூடம் ஆக்குவது என்று தம்பி தீர்மானித்திருந்தான். அவர் தோண்டிய மண் எங்கள் குழிக்குப் போதுமானதற்கு மேலேயே இருந்தது, மிச்சம் முருங்கைக்குப் போனது. வண்டி வாடகையில் பாதியைக் குடிலாரே கொடுத்தார். தறி விற்ற காசில் தம்பி ஒரு சோபா வாங்கினான்.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தது. சனிக்கிழமை குடிலார் வந்து கதவைத் திறந்தபோது, மல்லாந்த அன்னங்களுக்குக் கீழே ஜரிகைத் திண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. போன் வந்ததும் பெரியப்பா வாளியோடு போனார். நானும் போனேன். ஆளுக்கு ஐம்பது வாளி இறைத்திருப்போம். தண்ணீர் அதே மட்டத்தில் நின்றது.

"கூரை ஒழுகல, கதவு சாத்தியிருந்தது. எப்படி ஐயா உள்ள வந்தது?"

"வெளிய இருந்து வரல சார். குழின்னா மழைக்காலத்துல ஊறும். ஐப்பசி, கார்த்திகைல நாங்க தறியை நிறுத்திட்டு இறைச்சுக்கிட்டுத்தான் கெடப்போம். கூலியும் கெடையாது."

"இதை ஏன் ஐயா முன்னாடியே சொல்லல?"

"நீங்க ஆழம்தானே சார் கேட்டீங்க."

குடிலார் படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த மண்ணு திரும்பக் கிடைக்குமா?"

"மேல டைல்ஸ் போட்டாச்சே சார்."

கார்த்திகை முடிவதற்குள் அந்தக் குழியில் மீன் விட்டுவிட்டார். உட்கார இடமில்லாததால், சனிக்கிழமை சாயங்காலம் அவர் காபி குடிப்பது எங்கள் பெரியப்பா வீட்டுச் சோபாவில். பழைய தறிக்குழிக்கு நேர் மேலேதான் அது கிடக்கிறது.