பிசிக்ஸுக்கு ஆள் தேவை

பெரிய முதலியார்சாவடியில் எதைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாலும் வாத்தியார் கிடைப்பார். யோகாவுக்கு நாலைந்து பேர், பானை வனைய ஒருவர், அலைமேல் பலகை போட்டுச் சறுக்கப் பக்கத்துக் குப்பத்தில் ஒரு கூட்டம். மூச்சு விடுவதற்கே வகுப்பு நடக்கிறது. பிறந்ததிலிருந்து ஓசியில் விட்டுக்கொண்டிருக்கிற எங்களுக்கு அந்தக் கட்டணத்தைக் கேட்டால் மூச்சே நின்றுவிடும். ஆனால் பிளஸ் டூ பிசிக்ஸுக்கு ஆள் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "மேத்ஸ்னா ஒருத்தர் இருக்கார்" என்பார்கள். "இங்கிலீஷ்னா நாளைக்கே வரச் சொல்றேன்" என்பார்கள். பிசிக்ஸ் என்றதும் ஊரே செல்போனை எடுத்து மணி பார்க்கும்.

இத்தனைக்கும் எங்களைச் சுற்றி நாலு திசையிலும் பிசிக்ஸ்தான். வடக்கே காலாப்பட்டில் 1985-இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். மேற்கே ஆரோவில். தெற்கே புதுச்சேரித் துறைமுகத்துக் கற்சுவர். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அது மறித்ததிலிருந்து இந்தப் பக்கத்துக் குப்பங்களின் கரையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. அதுவும் பிசிக்ஸ்தான், மார்க்குதான் கிடையாது. கிழக்கே அந்தக் கடலேதான். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டுத்தான் நம்ம திருச்சிக்காரர் சர் சி.வி. ராமன் பெரிய ஆளானார். வானத்தின் நிறம் தண்ணீரில் தெரிகிறது, அவ்வளவுதான் என்று ராலே பிரபு சொல்லிவைத்திருந்தார். 1921-இல் சீமையிலிருந்து கப்பலில் திரும்பும்போது ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து, தண்ணீர் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை வடிகட்டிவிட்டுப் பார்த்தார். அப்போதும் நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அங்கிருந்துதான் ஆரம்பித்தார். எங்கள் ஊரில் ஆயிரம் பேர் தினமும் காலையில் கடற்கரைக்குப் போகிறோம். போகிற காரியம் வேறு என்பதால் யாருக்கும் இது தோன்றவில்லை.

ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது 1928 பிப்ரவரி 28. ஆரோவில் தொடங்கியது 1968 பிப்ரவரி 28. வருஷாவருஷம் அந்த நாள் அதிகாலையில் ஆரோவில்லில் தீ மூட்டித் தியானம் நடக்கும். அதே நாள் பள்ளிக்கூடத்தில் தேசிய அறிவியல் தினப் பேச்சுப் போட்டி. இரண்டுக்கும் நடுவில், பரீட்சையை நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிளஸ் டூ பிள்ளைகள்.

அப்படி ஒரு பிள்ளைதான் எங்கள் அக்கா மகள் பாப்பா. டியூஷன் வாத்தியார் பிடித்துத் தரும் பொறுப்பு தாய்மாமன் என்ற முறையில் என் தலையில் விழுந்தது. காது குத்துக்கு மடியில் உட்கார வைத்தவன்தான் இதற்கும் என்பது அக்காவின் சட்டம். நான் பி.காம். அதை யாரும் கேட்கவில்லை.

அரசாங்கத்தையும் குறை சொல்ல முடியாது. 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்ததே எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான், 2021 அக்டோபர் 27. பேர் கொஞ்சம் மாறியிருந்தால் எங்கள் சாவடிக்கே வந்திருக்கும் என்று டீக்கடையில் இன்னும் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆனால் அந்தத் திட்டம் வந்தது ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கு மேலே இல்லத்தை விட்டுக் கிளம்பி நாம்தான் கல்வியைத் தேட வேண்டும்.

முதலில் கிடைத்தவர் ஆராய்ச்சி மாணவர். சாது. மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி. வந்தவரிடம் பாப்பா, "சார், மின்புலம்னா என்ன?" என்றாள். புத்தகத்தில் அது இரண்டு மார்க் கேள்வி, இரண்டு வரி பதில். அவர் மின்விசிறியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அக்கா வைத்த காபி ஆடை கட்டும்வரை யோசித்தார். கடைசியில், "உண்மையச் சொல்லணும்னா அது என்னன்னு எங்களுக்கே இன்னும் சரியா பிடிபடல" என்றார். பாப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தெரியாதுன்னு சொல்றதுக்கு மாசம் ஆயிரத்து ஐந்நூறாடா? அத நீயே ஓசியில சொல்லுவியே."

அடுத்தது ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அதிலேயே அக்காவுக்குச் சந்தேகம். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பாப்பாவை ஆரோவில் சோலார் கிச்சன் மாடிக்குக் கூட்டிப்போனார். வண்டி ஓட்டி என்ற தகுதியில் நானும் போனேன். அங்கே கூரைமேல் 15 மீட்டர் அகலத்தில் ஒரு கிண்ணம். உள்பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகள். வெயில் நன்றாக அடித்தால் ஆயிரம் பேர் சமையலுக்கு நீராவி கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. கிண்ணம் அசையாது. சூரியன் நகர நகர, மேலே தொங்கும் கொதிகுழாய்தான் திரும்பிக்கொண்டே போகும்.

"குழாய் ஏன் இவ்ளோ நீளம்?" என்றாள் பாப்பா. "குவியம் ஒரு புள்ளிதானே?"

பெரியவர் உட்கார்ந்து தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தார். குவியத்தூரம் வளைவு ஆரத்தில் பாதி என்று புத்தகம் சொல்வது கண்ணாடியின் நடுப்பகுதியில் விழும் ஒளிக்குத்தான் பொருந்தும். ஓரத்தில் விழுவது கண்ணாடிக்கு இன்னும் கிட்டத்தில் போய் அச்சை வெட்டும். இவ்வளவு பெரிய கோளக் கிண்ணத்தில் குவியம் ஒரு புள்ளியாக நிற்காமல் கோடாக நீண்டுவிடுகிறது. கோடு முழுவதையும் பிடிக்கக் குழாய்தான் வேண்டும். நான் பி.காம். ஆனாலும் எனக்கே புரிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாப்பா சோறு சாப்பிடாமல் எவர்சில்வர் கிண்ணத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பயந்துபோய் மறுநாளே கோட்டக்குப்பம் பக்கம் ஒரு டியூஷனில் சேர்த்துவிட்டாள்.

இது நிஜ டியூஷன். காலை ஐந்தரைக்கு ஒரு பேட்ச், சாயங்காலம் இரண்டு. வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்தால் திருவிழாவோ என்று தோன்றும். அந்த சாருக்குப் பிசிக்ஸ் தெரியுமா என்பது வேறு விஷயம், வினாத்தாள் தெரியும். எழுத்துத் தேர்வு 70 மார்க். ஒரு மார்க் 15. இரண்டு மார்க்கில் ஒன்பதுக்கு ஆறு, மூன்று மார்க்கிலும் ஒன்பதுக்கு ஆறு, ஐந்து மார்க் ஐந்து. ஒவ்வொரு பாடத்திலும் எது எந்தத் தட்டில் விழும் என்று ஜாதகம் கணிக்கிற மாதிரி சொல்வார். இந்தப் பிரபஞ்சத்தில் அவருக்கு இரண்டே வகைதான்: வரும், வராது. காந்தப்புலம் வரும். கூலும் விதி வரும். பாப்பா எழுந்து சூரியக் கிண்ணத்துக் குவியம் ஏன் கோடாகிறது என்று ஆரம்பித்தாள். "அது வராதும்மா, உக்காரு."

இவரை நக்கல் செய்ய எனக்கு மனசில்லை. டியூஷன் என்றால் இதுதான். இதைச் செய்யத் தெரியாதவர் ஐன்ஸ்டீன். 1902 பிப்ரவரியில், பேட்டன்ட் ஆபீஸ் வேலை கைக்கு வருவதற்கு முன்னால், பெர்ன் நகரத்துப் பத்திரிகையில் கணிதமும் பிசிக்ஸும் தனியாகச் சொல்லித்தரப்படும், மாதிரி வகுப்பு இலவசம் என்று விளம்பரம் கொடுத்தார். நம்ம ஊர் டெமோ கிளாஸேதான். சொலோவின் என்று ஒரு மாணவர் வந்தார். கொஞ்ச நாளிலேயே ஐன்ஸ்டீன், பாடம் எடுப்பதைவிடச் சும்மா பேசிக்கொண்டிருப்பதே சுவாரசியம் என்று பாடத்தை நிறுத்திவிட்டார். இன்னொரு நண்பரும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் ராத்திரியெல்லாம் தத்துவப் புத்தகம் படித்துச் சண்டை போட்டார்கள். மூன்று வருஷத்தில் ஒளிமின் விளைவுக்கு விளக்கமும் சார்பியலும் வந்தன. கோட்டக்குப்பத்தில் நடத்தியிருந்தால் முதல் மாதமே அம்மாக்கள் வந்து, "போன வருஷம் எத்தனை சென்டம் சார்?" என்று கேட்டு டியூஷனை இழுத்து மூட வைத்திருப்பார்கள். இப்போது அவருடைய ஒளிமின் சமன்பாடு பிளஸ் டூவில் ஐந்து மார்க். வரும்.

ஐப்பசி மழை பிடித்ததும் மரக்காணத்திலிருந்து பாப்பாவின் பெரியப்பா வந்தார். உப்பளத்தில் மேஸ்திரி. மழைக் காலத்தில் பாத்தியெல்லாம் தண்ணீர், வேலை கிடையாது. வந்தால் பத்து நாள் தங்குவார். வாய் பேசாத மனிதர், ஆனால் பையில் உப்புத் தண்ணீரின் அடர்த்தியை டிகிரியில் பார்க்கிற கண்ணாடிக் குழாய் எப்போதும் இருக்கும். அடியில் குண்டு, மேலே மெல்லிய தண்டு, அதில் கோடுகள். பாப்பா அதைப் பிடுங்கிக் குடத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டாள். பூஜ்யம். ஒரு கை கல்லுப்பு கரைத்தாள். குழாய் எழும்பியது.

"ஆர்க்கிமிடீஸ்!" என்றாள். "அடர்த்தி கூடக் கூட மேல வரும் பெரியப்பா. மிதப்பு விசை."

"அதெல்லாம் தெரியாது. கடத்தண்ணி மூணு டிகிரி. இருபத்தஞ்சு வந்தா உப்பு விழும். முப்பதுக்குப் போச்சுன்னா கசக்கும், தெறந்து வெளிய உட்டுடணும்."

"ஏன் கசக்குது?"

"டிகிரி ஏறிப் போனதால."

பாப்பா மக்னீசியம் உப்புகளைப் பற்றிச் சொன்னாள். சோடியம் குளோரைடு அதற்கு முன்பே படிந்துவிடும், மக்னீசியம் கடைசிவரை தண்ணீரிலேயே நிற்கும், அதுதான் அந்தக் கசப்பு. பெரியப்பா வெற்றிலையை மென்றபடி முழுசாகக் கேட்டார். அக்கா அடுப்படி வாசலில் நின்று, பெற்ற வயிறு குளிரப் பார்த்தாள். கெமிஸ்ட்ரியும் இலவச இணைப்பாக வந்ததில் எனக்கும் பெருமைதான்.

"எல்லாம் சரி கண்ணு," என்றார் பெரியப்பா. "வெயிலு நல்லா காஞ்சு உப்பு நல்லா வெளையுற வருசமெல்லாம் வெல ஏன் படுத்துடுது? மழ வந்து பாத்தி கரைஞ்சா ஏன் ஏறுது? அது எந்த பாடத்துல வருது?"

பாப்பா யோசித்தாள். "அது பிசிக்ஸ் இல்ல பெரியப்பா. காமர்ஸ்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"அது வராது" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியைத் தேடினேன்.