பழைய டிஸ்க்குக்கு வாசல் எங்கே?

கேள்வி: 2002-இல் வாங்கிய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் தண்ணீர்மலைத் தைப்பூசப் படங்கள் இருக்கின்றன. புதிய கம்ப்யூட்டரில் மாட்டலாமா?
– வாசகி, ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: உள்ளே இடமுண்டு, வாசல்தான் இல்லையம்மா! உங்களுடையது 40 ஊசியும் பட்டை ஒயரும் கொண்ட ஐடிஇ வகை. 1972 முதல் நம் பினாங்கிலேயே தொழிற்சாலை நடத்தும் இன்டெல், 2006-இல் வந்த தன் சிப்செட்டில் அந்த வாசலை அடைத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இப்போது சாட்டா என்ற வேறு வாசல். அதனால் ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் வாங்குங்கள். 12 வோல்ட் தரும் தனி பவர் அடாப்டரும் கூடவே வருகிறதா என்று பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் யுஎஸ்பி மின்சாரத்தை மட்டும் நம்பிச் சுழலாது. பின்புறக் குட்டி ஜம்பர் ‘மாஸ்டர்’ நிலையில் இருக்கட்டும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால், முருகன்மேல் ஆணை, வேண்டாம் என்று சொல்லுங்கள்! டிஸ்க் விண்டோஸில் திறந்ததும் முதல் வேலையாகப் படங்களை இரண்டு இடங்களில் நகலெடுங்கள். ‘டக் டக்’ சத்தம் வந்தாலோ, உடனே அணைத்துவிட்டு டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.