குதிரைக்கு முன் எண்ணெய்

கேள்வி: பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் திணறாத என் கார், குதிரைசக்தியைக் கூட்டினால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் தாங்குமா?
– வாசகர், வித்துரா

பதில்: குதிரைகளைக் கூட்டலாம், முதலில் அவற்றுக்கு எண்ணெய் கிடைக்க வேண்டுமே! மலையில் இன்ஜினுக்கு அவ்வப்போது மூச்சு விட நேரம் உண்டு. அந்த 3.7 கிலோமீட்டர் தடத்தில் அது கிடையாது. வேகமான நீண்ட வளைவில் ஆயில், இன்ஜினுக்கு அடியிலுள்ள சம்ப்பின் ஓரத்துக்கு ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடு, ஆயில் கூலர், நல்ல ரேடியேட்டர்... இவையெல்லாம் முடிந்தபின் டர்போவை யோசியுங்கள். சக்தி குறைவென்று தயங்க வேண்டாம்: கோவை கரிவரதன் சாதாரண மாருதி இன்ஜினை வைத்தே பந்தயக் கார் கட்டினார். ‘ஃபார்முலா மாருதி’ என்ற அந்தக் காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா 1-ஐ எட்டிய முதல் இந்தியர்!