கைடைக் கதிகலங்க வைப்பது எப்படி?

நார்வேயின் வடகிழக்கு மூலையில், ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில், பேரண்ட்ஸ் கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது வராங்கர் தீபகற்பம். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, 70 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஆனாலும் அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தின் புண்ணியத்தில் இங்குள்ள துறைமுகங்கள் குளிர்காலத்திலும் உறைவதில்லை. அதனால் கடல்வாத்துகள் வருகின்றன. வாத்துகளைத் தேடிக் கேமராக்கள் வருகின்றன. கேமராக்காரர்களை மேய்க்க, காற்றும் ஒளியும் பறவையின் குணமும் தெரிந்த ஒரு கைடு வருகிறார். சுளையாகப் பணம் கட்டி அமர்த்திய மனிதரை அவர் போக்கில் வேலை செய்ய விட்டுவிட்டால் நாம் எதற்கு? முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு உதவியாகச் சில யோசனைகள்.

புறப்படும் முன் கைடு ஒரு பட்டியல் அனுப்புவார். கம்பளி உள்ளாடை, காற்றுப் புகாத மேலாடை, இரண்டடுக்குக் கையுறை, உதிரி பேட்டரிகள் என்று நீளமாக இருக்கும். படிக்க வேண்டாம். ஜீன்ஸ் போதும், பருத்தி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தொடையோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான் ஆர்க்டிக் வந்த உணர்வே உண்டாகும். பதிலுக்கு நீங்கள் ஒரு பட்டியல் அனுப்புங்கள். எந்தப் பறவை, எந்தக் கோணம், பின்னணி என்ன நிறம், எல்லாம் விவரமாக. மார்ச் மாதப் பயணத்துக்கு, அலகு நிறைய மீனோடு நிற்கும் பஃபின் வேண்டும் என்று கேளுங்கள். பஃபின் குஞ்சு பொரித்த பிறகுதான் அப்படி மீன் சுமக்கும், அதற்குக் கோடையில் வர வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கி எழுதுவார். "முயற்சி செய்து பாருங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் போடவும்.

லென்ஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 600 எம்.எம்., மூன்று கிலோ. அது ஒன்றே போதும். 70-200 ஒன்றும் கையோடு இருக்கட்டும் என்று கைடு அடிக்கோடிட்டு எழுதியிருப்பார். அடிக்கோடு போடுவது அவர் வேலை.

போட்ஸ்ஃபியோர்ட் என்ற மீன்பிடி ஊரில் மிதக்கும் ஹைட் ஒன்று உண்டு. பறவைக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து படம் எடுக்கும் அறைதான் ஹைட். இது கடல்நீரில் மிதப்பதால் லென்ஸ் நீட்டும் துளை நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கும்; வாத்தின் கண்ணும் உங்கள் லென்ஸும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். விடிவதற்கு முன்பே படகில் போய் உள்ளே அடங்கிவிட வேண்டும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் வாத்துகள் கிட்டே வராது. கைடு உங்களிடம் எதிர்பார்ப்பது இரண்டே விஷயம்: நேரத்துக்கு வாருங்கள், உள்ளே சத்தம் வேண்டாம்.

நேரம் உங்களுக்கே கைவந்த கலை. அதைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. சத்தத்துக்குத்தான் கொஞ்சம் பயிற்சி தேவை. வெல்க்ரோ பட்டை வைத்த கையுறை உத்தமம். ஆண் கிங் ஐடர் நீந்திக்கொண்டே பத்து மீட்டருக்குள் வரும். நெற்றியில் ஆரஞ்சுப் புடைப்பு, உச்சந்தலையில் நீலச் சாம்பல், கன்னத்தில் இளம்பச்சை, அலகு பவளச் சிவப்பு. இத்தனை வண்ணத்தையும் வைத்துக்கொண்டு அது மெல்லத் தலையைத் திருப்பும். அந்தக் கணம்வரை காத்திருந்து, சர்ர்ரென்று பட்டையைப் பிரியுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பி உங்களைப் பார்ப்பார்கள். குளிர் அவர்களுக்கு அந்த நொடியில் சுத்தமாக மறந்துபோகும்.

சற்றுத் தள்ளி சிறிய வாத்துகள் சில ஒன்றாக முங்கி ஒன்றாக எழும். அவை ஸ்டெல்லர்ஸ் ஐடர். பெரிங்கின் கடற்பயணத்தில் கூடப் போன ஜெர்மானிய இயற்கையியலாளர் ஸ்டெல்லரின் பெயரைத் தாங்கியவை. உலக அளவில் அருகிவரும் வாத்து இனம். ஐரோப்பாவில் இவ்வளவு கிட்டே இதைப் பார்க்க இதைவிடத் தோதான கடற்கரை கிடையாது என்று கைடு கிசுகிசுப்பார். "கிங் எங்கே?" என்று கேளுங்கள். சாதாரண ஐடரை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. பெண் ஐடர் தன் நெஞ்சுத் தூவியைப் பிடுங்கிக் கூட்டில் மெத்தை போடும், அந்தத் தூவிக்காக மனிதர்கள் நூற்றாண்டுகளாகக் கூட்டுக்குக் காவல் இருந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் சுவையான சங்கதிதான். ஆனால் லைக் விழாது.

கிங் ஐடர் தூங்கும்போதுதான் விரலுக்கு வேலை. நொடிக்கு 20 படம் எடுக்கும் வேகத்தில் கேமராவை வைத்து, விரலை எடுக்காமல் அழுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் 6,000 படம் சேரும். 6,000 படத்திலும் வாத்து தூங்கும். பிறகு கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, திரையில் ஒன்றொன்றாகப் பெரிதாக்கி இமை தெரிகிறதா என்று பாருங்கள். மேலே எங்கேயோ வெண்வால் கழுகு தலைகாட்ட, கைடு "கழுகு, கழுகு" என்று பதறுவது அப்போதுதான் கேட்கும். துறைமுகத்தில் இருந்த அத்தனை வாத்தும் காற்றை எதிர்த்து ஓடி, நீரைக் கிழித்துக்கொண்டு ஒரே வீச்சில் எழும். முன்தினம் முழுக்க அவர் உங்களுக்குப் பாடம் நடத்தியதே இந்த நான்கு நொடிக்காகத்தான். நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "என்ன ஆச்சு?" என்று விசாரிக்கவும்.

அறைக்குத் திரும்பியதும் கேமராவை நேராக ஹீட்டர் பக்கத்தில் வையுங்கள். உறைந்த உலோகமும் கண்ணாடியும் வெதுவெதுப்பான அறைக்குள் வந்ததும் காற்றிலுள்ள ஈரம் அவற்றின் மேல் படியும். முதலில் மங்கல், பிறகு முத்து முத்தாக நீர், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் லென்ஸுக்கு உள்ளேயும். வெளியிலேயே கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடி, பையோடு மெல்லச் சூடேற விட்டால் இந்தக் காட்சி கிடைக்காது. மெமரி கார்டை மட்டும் குளிரிலேயே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது பழகியவர்கள் செய்யும் தந்திரம். நமக்கு வேண்டாம்.

வேனிலும் செய்ய ஒன்று இருக்கிறது. ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஜன்னலை இறக்கி, அதன் வழியே சுடுங்கள். சூடான காற்றும் பனிக்காற்றும் லென்ஸுக்கு முன்னால் கலந்து அலையடிக்கும். படம் முழுக்கக் கொழகொழவென்று வரும். லென்ஸ் பழுது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அந்தக் கம்பெனியை இரவு உணவு முடியும்வரை திட்டலாம். கைடு ஹீட்டரை அணைக்கச் சொன்னால், குளிருகிறது என்று சொல்லுங்கள். ஜீன்ஸ் போட்டிருப்பதால் அது பொய்யாகவும் இருக்காது.

எக்கரோய் பாறைச் சுவரில் கிட்டிவேக் கடற்காகங்கள் கூடு வைக்கும். பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், எதிர்த்துத்தான் எழும். ஆகவே காற்றும் வெயிலும் நம் முதுகில் விழும்படி நின்றால் அது நம் முகத்தைப் பார்த்து வரும் என்று கைடு இடம் பிடித்துக் கொடுப்பார். "யூடியூபில் ஒருத்தர் வேற மாதிரி சொன்னாரே" என்ற வாக்கியம் இந்த இடத்துக்காகவே உருவானது. ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம். 2023 கோடையில் இந்தக் கரையில் பறவைக் காய்ச்சல் வந்து கிட்டிவேக்குகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. செத்த பறவையைத் தொடாதே, பூட்ஸைக் கழுவு என்று கைடு சொன்னால் மறுபேச்சில்லாமல் செய்யுங்கள்.

மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை இங்கே சூரியன் மறையாது. நள்ளிரவில்தான் ஒளி சாய்ந்து பொன்னாக விழும் என்பதால் கைடு இரவு பத்து மணிக்குக் கிளப்பி விடியற்காலையில் கொண்டுவந்து விடுவார். பகலில் தூங்கச் சொல்வார். காலை எட்டுக்கு டிபன், பதினொன்றுக்குப் படப்பிடிப்பு என்பதில் உறுதியாக நில்லுங்கள்.

ஜிர் வல்லூறு கண்ணில் பட்டால், அதன் கூடு எந்தப் பாறையில் என்று கைடின் வாயைப் பிடுங்கப் பாருங்கள். அவர் சொல்லமாட்டார். முட்டை திருடர்களும் ஆர்வக் கோளாறுகளும் சேர்ந்து கற்றுக்கொடுத்த பாடம் அது. வேனின் போக்கை போனில் பதிவுசெய்து வரைபடத்தில் குறிபோட்டு நண்பர்களுக்கு அனுப்பினால், அடுத்த ஆண்டு உங்களை எந்தக் கைடும் கூட்டிப்போக மாட்டார். பணம் மிச்சம்.

கடைசியாக ஹோர்னோயா. வார்டோ ஊரிலிருந்து படகில் பத்து நிமிடத்தில் போய்விடலாம். கூடவே, இந்தத் தீவு இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருக்கிறது என்று சொல்லி இரவுச் சாப்பாட்டில் பந்தயம் கட்டலாம், நிச்சயம் ஜெயிப்பீர்கள். செங்குத்துப் பாறையில் கில்லெமாட்டுகள் தோளோடு தோள் நெருக்கி நிற்கும். கூடு கிடையாது; வெறும் பாறை விளிம்பில் ஒற்றை முட்டை. பறவை திடுக்கிட்டு எழுந்தால் முட்டை உருண்டு விழும், விழாததைக் கடற்காகம் கொத்திக்கொண்டு போகும். பஃபின் புல் சரிவில் வளை தோண்டி முட்டையிடும். வளைக்கு மேல் கால் வைத்தால் கூரை உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் குறித்த பாதையை விட்டு இறங்காதீர்கள் என்கிறார்கள். இறங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஷாக் நீர்க்காகம் பாதையோரத்திலேயே கூட்டில் உட்கார்ந்து, மரகதக் கண்ணால் உங்கள் ஷூ லேஸை ஆராய்ந்துகொண்டிருக்கும். பஃபின் இரண்டு மீட்டரில் வந்து இறங்கும்.

600 எம்.எம். லென்ஸ் நான்கு மீட்டருக்குக் கிட்டே இருப்பதை ஃபோகஸ் செய்யாது. அது முன்னும் பின்னும் முனகித் தேடும். நீங்கள் பின்னால் நகருங்கள். பின்னால் இருப்பவரின் டிரைபாட் சாயும். அவர் சொல்லும் வார்த்தை நார்வேஜிய மொழியில் இருந்தாலும் புரியும். கைடு எதுவும் பேசாமல் தன் பையிலிருந்து ஒரு 70-200ஐ எடுத்து நீட்டுவார். அது உங்கள் கேமராவில் பொருந்தாத கம்பெனி என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

கிளம்பும்போது கருத்துப் படிவம் தருவார்கள். வெற்றாக விடுவது மரியாதை இல்லை. தங்குமிடத்துக்கு எதிரே, "இரவில் வெயில் கண்ணைக் குத்தியது" என்று எழுதலாம். ஹோர்னோயாவுக்கு எதிரே: "பறவைகள் தேவைக்கு மேல் பக்கத்தில் இருந்தன. அடுத்த பயணத்தில் தள்ளி உட்காரச் சொல்லவும்."